டென்மார்க்கில் வளர்ந்து, பிறந்த மண்ணைத் தேடி வந்த பெண்ணுக்கு எப்படித் துணையாக இருப்பது?

கேள்வி: மந்தைவெளி மாடிவீடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் நான்கு மாதங்களாக வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி, அவளுடைய சம்மதத்தோடு, பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பிறந்து, 1986இல் எட்டு மாதக் குழந்தையாக டென்மார்க்கிற்குத் தத்துக் கொடுக்கப்பட்டவள். அங்கே ஒரு சிற்றூரில், ஆசிரியர் தம்பதியரின் ஒரே மகளாக வளர்ந்திருக்கிறாள். அவர்கள் அன்பானவர்கள் என்பதில் அவளுக்கு இம்மியும் ஐயமில்லை. ஆனால் பள்ளியில் அவள் ஒருத்திதான் கருப்பு. யாராவது கேலி செய்ததாக வீட்டில் வந்து சொன்னால், "நாங்கள் உன் நிறத்தைப் பார்ப்பதே இல்லையே" என்று பெற்றோர் சொல்வார்களாம். அதற்குப் பிறகு சொல்வதையே நிறுத்திவிட்டாளாம்.

தமிழ் கற்கவும், தன் தத்து ஆவணக் கோப்பைப் பார்க்கவும் இங்கு வந்திருக்கிறாள். நாங்கள் இயன்றவரை அன்பாகத்தான் நடந்துகொள்கிறோம். ஆனாலும் எங்கள் அன்பே அவளைச் சில நேரங்களில் குத்திவிடுகிறது. இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் அவளிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டார். நம்மூரில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்பது நமக்குத் தெரியும். மாடியில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, தமிழிலேயே கேள்வி புரிந்துவிட்ட மகிழ்ச்சியில், "நான் ஒரே ஆள்தான்" என்று பதில் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. பிறகு அந்தக் கேள்வியின் பொருளை அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது, அது இன்னும் கடினமாக இருந்தது.

அடுத்தது கபாலீசுவரர் கோயிலில் நடந்தது. அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் வழக்கம்போல் பெயர், நட்சத்திரம், கோத்திரம் என்று கேட்டார். அவளுடைய பிறந்த தேதியே மருத்துவர் ஒருவர் குழந்தையின் எடையையும் பல்லையும் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதியது. நட்சத்திரத்துக்கு எங்கே போவாள்? அவள் விழிப்பதைப் பார்த்து நான் முந்திக்கொண்டு, "சிவ கோத்திரம்னு வெச்சுக்குங்க, சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும் வழியில் அவள் பேசவே இல்லை. மனம் தாங்காமல் நான், "நீ எங்க வீட்டுப் பொண்ணு, இனிமே என்னை அம்மான்னே கூப்பிடு" என்றேன். மாடிக்குப் போனவள் இரண்டு நாள் கீழே இறங்கவில்லை.

நான் செய்ததில் எது தவறு? கோப்பைப் பார்க்கப் போகும்போது நான் உடன் போகலாமா? இவளைப் போன்றவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் வழி ஏதேனும் சென்னையில் உண்டா?

பதில் 1: கோப்புக்காரர்

சகோதரி, குழந்தைகள் நலத்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உங்கள் கேள்வியில் ஆவணங்கள் தொடர்பான பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மனம் தொடர்பானதை அதை அனுபவித்தவர்கள் சொல்வதே முறை.

முதலில், 1986இல் போன குழந்தைக்கு இன்று நாம் பேசும் முறையிலான தத்து ஆணை இந்தியாவில் இருக்காது. வெளிநாட்டவர் இங்கே தத்தெடுப்பதற்கு அன்று தனிச் சட்டம் இல்லாததால், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, குழந்தையின் காப்பாளராக நியமனம் பெற்று, அழைத்துச் சென்ற பிறகு தங்கள் நாட்டில் தத்து எடுத்துக்கொள்வார்கள். லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இல் நெறிமுறைகளை வகுத்த பிறகு, இந்த மனுக்களில் குழந்தையைப் பற்றிய அறிக்கையும் சேர்க்கப்பட்டது. எனவே அவரை அனுப்பிய குழந்தைகள் காப்பகத்தில் ஒன்றும் இல்லை என்று கையை விரித்தாலும், நீதிமன்ற ஆவணங்களில் ஏதேனும் இருக்க வாய்ப்புண்டு. மனு எண்ணும் ஆண்டும் டென்மார்க்கில் உள்ள அவருடைய தத்து ஆவணத்தின் இணைப்பில் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடச் சொல்லுங்கள்.

இடையில் ஒன்று. நம்மூரில் யாரிடம் சொன்னாலும், "தொட்டில் குழந்தையா?" என்று கேட்பார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல்தான் சேலத்தில் தொடங்கியது. பெண் சிசுவைக் கொல்லத் துணிந்த வீட்டில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கதையைத் தயவுசெய்து யாரும் அவர் தலையில் கட்ட வேண்டாம்.

பன்னாட்டுத் தத்தெடுப்புக்கான ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. இப்போதைய விதிமுறைகளின்படி, பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் தம் வேர்களைத் தேடுவதற்குத் தாமே மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்திடமோ (காரா), தம்மை அனுப்பிய நிறுவனத்திடமோ விண்ணப்பிக்கலாம். ஆனால் மூன்றாம் நபர் அவருக்காகத் தேடுவதை விதி அனுமதிப்பதில்லை. ஆகவே நீங்கள் உடன் போகலாம், கையெழுத்துப் போட்டு விசாரிக்கக் கூடாது. பெற்ற தாயின் அந்தரங்கத்தையும் அதே விதி காக்கிறது. அவர் மறுத்தால் பெயரும் முகவரியும் கிடைக்காது. இதைக் கொடுமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு முன் பெற்ற குழந்தையை ஒப்படைத்துவிட்டு, பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் நாற்பது ஆண்டுகளைக் கடத்திய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டு வாசலில் தொலைக்காட்சிக் கேமராவோடு போய் நிற்பது எந்த நியாயத்திலும் சேராது.

இன்னொன்றையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். காகிதத்தில் உள்ளதெல்லாம் உண்மை என்று கொள்ள முடியாது. சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து 1990களின் இறுதியில் திருடப்பட்ட குழந்தைகள், தாயே ஒப்படைத்ததாகப் பொய்ப் பத்திரம் எழுதப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டது 2005இல் வெளிச்சத்துக்கு வந்தது. எல்லாக் கோப்பும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் "அநாதை" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். மரபணுப் பரிசோதனையிலும் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். அதைச் செய்துகொண்ட இந்தியர்கள் குறைவு என்பதால், கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ள தூரத்து உறவாகத்தான் இருக்கும்.

அவர் குழந்தையாகப் பயணம் செய்த பழைய இந்தியக் கடவுச்சீட்டு வீட்டில் இருந்தால் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, ஒருகாலத்தில் இந்தியக் குடிமகளாக இருந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

பதில் 2: நங்கநல்லூர்வாசி

யாரையும் புண்படுத்தும் நோக்கத்தில் எழுதவில்லை. இங்கே அநாதையாக வளர்ந்திருந்தால் என்ன கதி ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். படிப்பு, வேலை, நல்ல நாடு, அன்பான பெற்றோர் என எல்லாம் கிடைத்த பிறகும் வேர், அடையாளம் என்று தேடிக்கொண்டு வருவது, அந்த வயதான பெற்றோருக்கு வளர்த்த கடா மார்பில் பாய்ந்ததுபோல் இருக்காதா? நிறத்தைப் பற்றிய கேலி இங்கே மட்டும் இல்லையா என்ன?

பதில் 3: மாம்பலம் மூன்றாம் நடைமேடை

நான் சென்னையில் பிறந்து, நான்கு வயதில் சுவீடனுக்குத் தத்துப் போனவன். போகும்போது தமிழ் பேசிக்கொண்டுதான் போனேன் என்று என் அம்மா, அதாவது சுவீடன் அம்மா, சொல்வார். ஆறே மாதத்தில் அது முற்றிலும் போய்விட்டதாம். முப்பது வயதுக்குமேல் புத்தகத்தை வைத்துத் திரும்பக் கற்றதால், என் தமிழ் மேடைப்பேச்சு போல இருக்கும். அலுவலகத்தில் இதற்காகக் கேலி செய்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நங்கநல்லூர் ஐயாவுக்கு முதலில். நீங்கள் கேட்ட கேள்வியை என் வாழ்நாள் முழுவதும் சுவீடிய மொழியில் கேட்டு வந்திருக்கிறேன், இங்கே வந்து தமிழிலும் கேட்கிறேன். பெற்றோருக்கு நன்றியாக இருக்க வேண்டும் என்று பெற்ற பிள்ளையிடம் அன்றாடம் யாரும் நினைவூட்டுவதில்லை. தத்துப் பிள்ளையிடம் மட்டும் கடைக்காரர், ஆசிரியர், பக்கத்து இருக்கைக்காரர் என்று ஆளாளுக்கு வந்து வட்டி கேட்கிறார்கள். நான் சென்னைக்கு வர முடிவெடுத்தபோது பயணச்சீட்டுக்குப் பாதிப் பணம் கொடுத்தவர் என் அப்பா. தேடி வருவதால் அவர்களை விட்டு வருகிறோம் என்று பொருளில்லை.

கேலி இங்கேயும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே கருப்பு என்று கேலி செய்யப்படும் பிள்ளை வீட்டுக்குப் போனால், அங்கே அதே கருப்பில் ஒரு தாத்தாவோ சித்தியோ உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு அது இல்லை. என் பள்ளியில் ஆண்டுதோறும் வகுப்புப் படம் எடுப்பார்கள். மற்ற முகங்களுக்கு ஏற்றபடி வெளிச்சத்தை வைத்திருப்பதால், ஒவ்வோர் ஆண்டும் என் முகம் மட்டும் மூக்கும் கண்ணும் தெரியாத கருந்திட்டாக விழும். நடுவில் பல் மட்டும் தெரியும். படக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் எனக்காக விளக்கைத் திருப்ப வேண்டும் என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் நெஞ்சில் நின்றது. அம்மாவோடு கடைக்குப் போனால் எல்லோரும் புன்னகைப்பார்கள். பதினாறு வயதில் அதே கடைக்குத் தனியாகப் போனபோது காவலர் பின்னாலேயே வந்தார். வீட்டுக்குள் வெள்ளைக்காரர், தெருவில் இறங்கினால் அகதி. இந்த இரட்டை வாழ்க்கைக்கு வீட்டில் எவரிடமும் சொல் இல்லை.

அங்கே தமிழர்களே இல்லையா என்று கேட்பார்கள். ஈழத்திலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். பேருந்தில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் மலர்ந்து தமிழில் ஏதோ கேட்டார். நான் சுவீடிய மொழியில் பதில் சொன்னதும் அவர் முகம் வாடிப்போய்த் திரும்பிக்கொண்டார். திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மீதி தூரம் நடந்து போனேன்.

இதைத் தனி மனிதரின் மனக்குறை என்று தள்ளிவிட வேண்டாம். வெளிநாடுகளிலிருந்து தத்தெடுக்கப்பட்டுச் சுவீடனில் வளர்ந்தவர்களைப் பற்றி 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அவர்களில் பெரும்பாலோர் நலமாக இருந்தாலும், தற்கொலை முயற்சி மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. டென்மார்க்கில் எஞ்சியிருந்த ஒரே தத்து நிறுவனம், வெளிநாட்டுக் குழந்தைகளைக் கொண்டுவரும் பணியைக் கைவிடுவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. உங்கள் மாடியில் இருப்பவர் அந்தச் செய்தியையும் படித்திருப்பார். தான் வந்த வழியையே நாடு மூடிவிட்டது என்றால், தன் வருகை என்ன கணக்கில் சேரும் என்ற கேள்வி எவருக்கும் எழும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், அக்கா. கோயிலில் நீங்கள் சொன்னது தவறில்லை, முந்திக்கொண்டதுதான் தவறு. எங்களைப் பற்றிய முடிவுகள் எல்லாமே வேறு யாரோ முந்திக்கொண்டு எடுத்தவைதான்: பெயர், பிறந்த நாள், நாடு, மொழி. குருக்கள் முன்னால் அவர் பத்து வினாடி விழித்தபடி நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. "அம்மா என்று கூப்பிடு" என்றீர்களே, அவருக்கு ஏற்கெனவே இரண்டு அம்மாக்கள் இருக்கிறார்கள். ஒருவரைத் தெரியும், ஒருவரைத் தெரியாது. அந்தக் கணக்கே இன்னும் தீரவில்லை. உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது, ஆனால் அது மறுபடியும் ஒரு தத்தெடுப்பு. அக்காவாகவே இருங்கள். வாடகை வாங்குகிற அக்காவாக இருங்கள். வாடகையை நிறுத்திவிடாதீர்கள், அது அவருக்கு முக்கியம்.

நான் முதன்முதலில் சென்னைக்கு வந்த வாரம், மாம்பலம் ரயில் நிலையத்தில் மூன்றாம் நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கூட்டம் வந்து வந்து போனது, ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடலை விற்பவர் மட்டும், "தள்ளி உக்காருப்பா" என்றார். ஐந்தாறு வண்டிகளை விட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். கண்ணில் படாமல் இருப்பது எனக்கு அதுவரை கிடைக்காத ஒன்று. ஆனால் வாயைத் திறந்தால் அது போய்விடும். நடை, உச்சரிப்பு, ரூபாய் நோட்டை எண்ணும் விதம் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது "வெளிநாட்டுக்காரன்" என்பார்கள். அங்கேயும் வெளியாள், இங்கேயும் வெளியாள் என்ற நினைப்பு வரும் இரவுகள் இருக்கின்றன. அந்த இரவுகளில் எனக்கு உதவியவர்கள் என்னைப் போன்றவர்கள்தான்.

சென்னையில் வசிப்பவர்களும் வந்து போகிறவர்களுமாக நாங்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில் கூடிச் சமைப்போம். பெரும்பாலும் குழம்பு கெட்டுப்போய் வெளியே வாங்கிச் சாப்பிடுவோம். யாரும் யாருடைய கோப்பையும் கேட்பதில்லை, அது ஒன்றுதான் விதி. பன்னிரண்டு ஆண்டுகள் யாரிடமும் சொல்லாத வசைச்சொல் ஒன்றை ஒருவர் டச்சு மொழியில் சொன்னபோது, அம்மொழி தெரியாத எங்களுக்கும் அது என்னவென்று புரிந்தது. கொரியாவிலிருந்து தத்துப் போனவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் 1999லேயே வாஷிங்டனில் பெரிய அளவில் கூடிவிட்டார்கள். தாய்நாட்டில் தங்கி வேலை பார்க்கும் உரிமையைக்கூடக் கேட்டுப் பெற்றார்கள். நாங்கள் சிதறிக் கிடக்கிறோம், அதனால் சின்ன அளவில்தான் செய்ய முடிகிறது. அவர் விரும்பினால் இந்தத் தளத்தின் தனிச்செய்தி வழியாக எனக்கு எழுதட்டும். நீங்கள் அவருக்காக எழுத வேண்டாம்.

மன ஆலோசகரைத் தேடினால், முதல் சந்திப்பிலேயே "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று சொல்பவரை விட்டு விலகிவிடச் சொல்லுங்கள். எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். இனப் பாகுபாடு என்ற சொல்லை நான் உச்சரித்ததும், "இங்கேதான் எல்லோரும் நம்மவர்களாயிற்றே" என்றார். இரவில் தாங்க முடியாமல் போனால் சென்னையில் சிநேகா அமைப்பு இருக்கிறது. 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியைச் செய்கிறார்கள். அறிவுரை சொல்லாமல் காது கொடுப்பார்கள்.

பதில் 4: பதினாறு வயது மகளின் தாய்

மேலே எழுதிய தம்பியின் பதிலைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுந்து போய் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். நாங்கள் சென்னைக்காரர்கள், முறைப்படி பதிவு செய்து காத்திருந்து உள்நாட்டிலேயே தத்தெடுத்தவர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல நிறம், மகள் கருப்பு. நாங்களும், "நிறத்தையெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். அதே வீட்டில் என் மாமியார் ஞாயிறுதோறும் அவளுக்குப் பயத்தம்மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார். ஏழு வயதில் ஒருநாள் அவள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் தேய்ச்சா என்னை மாதிரி ஆவீங்களா பாட்டி?" என்று கேட்டாள். அன்றோடு அந்தக் கிண்ணம் பரணுக்குப் போனது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் தம்பியோடு வேறுபடுகிறேன். இங்கே கருப்பான பிள்ளைக்கு வீட்டில் ஒரு தாத்தாவாவது இருப்பார் என்றீர்கள். தத்துப் பிள்ளைக்கு இங்கும் அந்தத் தாத்தா இல்லை. கல்யாண வீட்டில், "யாரு ஜாடை இது?" என்று ஒருவர் தவறாமல் கேட்கிறார். சாதி தெரியாத பிள்ளை என்ற பேச்சு எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறது. இது நீங்கள் அனுபவித்த இனப் பாகுபாட்டுக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. என் மகளுக்கு மொழி இருக்கிறது, தெரு இருக்கிறது, நாடு இருக்கிறது. ஆனால் பிறந்த மண்ணுக்கு வந்துவிட்டால் புண் ஆறிவிடும் என்று அந்தப் பெண் எண்ணி வந்திருந்தால், இந்த மண்ணுக்கும் தனக்கென்று சில முட்கள் உண்டு என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. எதிர்வீட்டு அம்மாளின் கேள்விக்கு நீங்கள் பொருள் சொன்னது சரிதான், அக்கா. மறைத்திருந்தால் அடுத்தவர் யாரேனும் இன்னும் மோசமாகச் சொல்லியிருப்பார்.

கருப்பான முகத்துக்கு என்ன நிறப் புடவை எடுக்கும், சுருட்டை முடியை எப்படிப் பின்னுவது போன்ற சின்ன விஷயங்களை ஒதுக்காதீர்கள். டென்மார்க் அம்மாவுக்கு அவை தெரிந்திருக்க வழியில்லை. எண்ணெய் தேய்த்துவிடலாமா என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மந்தைவெளி மாடிவீடு மீண்டும்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு மாலைப் பொழுதுகளில் எல்லாவற்றையும் அவளோடு உட்கார்ந்து வாசித்தேன். கடினமான சொற்களுக்கு அவள் தன் நோட்டில் டேனிய மொழியில் பொருள் எழுதிக்கொண்டாள். "வளர்த்த கடா" என்ற பழமொழியைக் கேட்டதும், கடா என்றால் என்ன என்று கேட்டாள். ஆட்டுக்கடா என்றதும், "கடாவை எதற்காக வளர்ப்பார்கள்?" என்று கேட்டாள். வெட்டுவதற்கு என்று எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்து சிரித்தோம். நங்கநல்லூர் ஐயா தவறாக எண்ண வேண்டாம்.

கோயிலில் முந்திக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். சிவ கோத்திரம் பிடித்திருந்தது என்றும், அதைத் தானே சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னாள். மாம்பலம் தம்பிக்குத் தானே எழுதிவிட்டதாகவும் சொன்னாள், என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. டென்மார்க் அப்பா பழைய பெட்டியில் தேடி நீதிமன்ற மனுவின் எண்ணைப் படமெடுத்து அனுப்பிவிட்டார். முதல் பக்கத்தின் ஓரத்தில் நீல மசியில், "பெண், மாநிறம், இடது புருவத்தில் சிறு தழும்பு" என்று தமிழில் கையால் எழுதியிருக்கிறது. அங்கே இத்தனை ஆண்டுகளாக அதை வாசிக்க ஆளில்லை. எழுத்துக் கூட்டி அவளே வாசித்தாள்.

வரும் புதன்கிழமை காப்பகத்துக்குப் போகிறாள். நானும் ஆட்டோவில் உடன் போகிறேன். உள்ளே வருவதா, வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பதா என்பதை அன்று காலை சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.